தோட்ட ரயிலில் கோளாறா? என்ஜினைக் கழற்றும் முன் தரையைப் பாருங்கள்

பெங்களூரில் வெளியில் தண்டவாளம் போட்டு மாதிரி ரயில் ஓட்டுபவர்களுக்கு மே மாதத்து இடிமழை ஒரு சோதனை என்றால் செப்டம்பர், அக்டோபர் மழை இன்னொரு சோதனை. நடுவில் வெயில் வேறு. ரயில் நின்றாலோ தடம் புரண்டாலோ கை தானாக என்ஜினைத் தூக்கித் திருப்பி ஸ்க்ரூவைத் தேடும். அதைக் கடைசிக்கு வையுங்கள். வெளியில் ஓடும் ரயிலில் கோளாறு மேலே தெரியும், காரணம் அநேகமாகக் கீழே இருக்கும்: மண் இறங்கியிருக்கும், தண்ணீர் தேங்கியிருக்கும், வெயிலில் தண்டவாளம் நீண்டிருக்கும், ஜாயிண்ட்டில் களிம்பு பிடித்திருக்கும். ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. எங்கே நடக்கிறது? எப்போது நடக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பாதையைச் சுற்றிய அலங்காரத்துக்கும் இதே விதிதான், கட்டடம் வெளுப்பதும் செடி காடாவதும் கூட இடத்தையும் காலத்தையும் பொறுத்தவை.

நான் இங்கே பேசுவது 45 மி.மீ. கேஜ் பற்றி, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 45 மி.மீ. இடைவெளி. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968-ல் எல்.ஜி.பி. என்ற பெயரில் கொண்டுவந்தது, அளவு நிஜ ரயிலில் 22.5-ல் ஒரு பங்கு. 45-ஐ 22.5-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வருகிறது இல்லையா, அதாவது நம்முடைய மீட்டர் கேஜ். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு இன்றும் ஓடுவது அதே கேஜ், மைசூர் லைன் ஒரு காலத்தில் இருந்ததும் அதுதான். நம்மூர் ரயிலைச் செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது என்பது என் எண்ணம்.

எப்போதும் ஒரே இடத்தில் தடம் புரள்கிறது

முதலில் வேறு இரண்டு மூன்று பெட்டிகளை அதே இடத்தில் கையால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். எல்லாமே அங்கே இறங்கினால் குற்றம் தண்டவாளத்தில். ஒரே ஒரு பெட்டி மட்டும் அங்கேயும் இறங்குகிறது, வேறு இடத்திலும் இறங்குகிறது என்றால் குற்றம் அதன் சக்கரத்தில்.

தண்டவாளம்தான் என்று தெரிந்தால் ஒரு சின்ன ரசமட்டத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்து ஒரு ஜாண் ஒரு ஜாணாக நகர்த்திக்கொண்டே போங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலும் அது கொஞ்ச தூரத்துக்குச் சீராகத் தாழ்ந்திருந்தால் பெட்டி பொறுத்துக்கொள்ளும். திடீரென்று ஒரு முழத்துக்குள் இந்தப் பக்கம் தாழ்ந்து அடுத்த முழத்தில் அந்தப் பக்கம் தாழ்வதைத்தான் பொறுக்காது, அந்த முறுக்கில் நான்கு சக்கரத்தில் ஒன்று அந்தரத்தில் நிற்கும், அடுத்த வளைவில் அதுதான் ஏறி வெளியே போகும். நான்கே சக்கரம் உள்ள நீளமான பெட்டிகளுக்கு இது மிகவும் ஆகாது. அந்த இடத்தில் ஸ்லீப்பருக்கு, அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்கு, அடியில் ஸ்க்ரூடிரைவரால் கல் சிப்ஸைத் தள்ளித் தள்ளித் திணியுங்கள். தண்டவாளத்தைத் தூக்கிப் பிடித்து அடியில் மண்ணை மட்டும் போட்டீர்கள் என்றால் அடுத்த மழையில் பழைய கதைதான்.

சக்கரம் என்றால் இரண்டு சக்கரத்தின் உள்முகங்களுக்கு இடையே அளக்க வேண்டும். 40 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்கென்று கருவி வாங்க வேண்டாம், போர்டு எழுதும் கடையில் 40 மி.மீ. அகலத்துக்கு ஒரு அக்ரிலிக் துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள், சக்கரங்களுக்கு நடுவே அது உரசாமல், ஆடாமல் உட்கார்ந்தால் சரி. பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போடுவது செலவுதான், ஆனால் பெட்டியின் பாரம் கீழ்ப்பக்கம் அமைகிறது, அழுக்கும் குறைவாகச் சேர்கிறது. ஒரேயடியாக எல்லாவற்றுக்கும் முடியாவிட்டால் அதிகம் புரளும் பெட்டிகளுக்காவது போடுங்கள்.

காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் புரள்கிறது

இதற்கு வெயில்தான் காரணம், வேறு எதையும் தேட வேண்டாம். பித்தளைத் தண்டவாளம் விடியற்காலையில் 18 டிகிரியில் இருந்து மதியம் 55 டிகிரிக்குப் போனால் 10 மீட்டருக்குச் சுமார் 7 மி.மீ. நீளும். அந்த 7 மி.மீ. எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் நேர்பாதையில் தண்டவாளம் பக்கவாட்டில் வளைந்து நெளியும், இல்லையென்றால் ஜாயிண்ட்டைப் பிரித்துக்கொண்டு மேலே எழும்பும்.

ஸ்லீப்பரை சிமெண்ட்டில் அழுத்தமாக ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள், அல்லது ஓட்டையை நீளவாக்கில் பெரிதாக்குங்கள். ஜல்லியை சிமெண்ட் கலந்து இறுக்குபவர்கள் இருக்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நீளமான நேர்பாதையில் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். தண்டவாளம் ஜல்லிமேல் மிதக்கட்டும், பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்ட்டிலும் பாலத்திலும் மட்டும் கட்டிப்போடுங்கள் போதும். வளைவுகள் தானாகவே கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டு இந்த நீட்டத்தை வாங்கிக்கொள்ளும், வளைவுக்கு வெளிப்பக்கம் ஜல்லியைத் தவிர வேறு தடை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1.2 மீட்டர் நீளத் துண்டுகளைக் குளிர்ந்த காலை நேரத்தில் போடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். மதியச் சூட்டில் போட்டால் இடைவெளி வேண்டாம்.

இழுக்கும்போது போகிறது, தள்ளும்போது பெட்டி கவிழ்கிறது

ஊட்டி ரயிலைச் செய்பவர்கள் எல்லோரும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது. கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும்போது என்ஜின் இறக்கப் பக்கத்தில் நின்று பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும், அதை அப்படியே செய்து பார்க்காவிட்டால் மனசு ஆறாது. நிஜத்தில் நடுவில் பல்சக்கரப் பாதை இருக்கிறது, 12 அடிக்கு ஒரு அடி என்கிற அளவுக்கு நெருங்கிய ஏற்றத்தை அதனால்தான் ஏற முடிகிறது. நம் தோட்டத்தில் பிரச்சினை ஏற்றத்தைவிட வளைவில்தான் அதிகம்.

எல்.ஜி.பி.யின் ஆகச் சின்ன வளைவு 60 செ.மீ. ஆரம். அந்த வளைவில் பின்னாலிருந்து தள்ளும்போது கொக்கி நடுவில் தள்ளாமல் ஓரமாகத் தள்ளுகிறது, லேசான பெட்டியின் மூலை தூக்கிக்கொள்கிறது. இடம் இருந்தால் வளைவை அகலமாக்குங்கள். 30-க்கு 40 மனையில் எங்கே இடம் என்று கேட்பீர்கள், சரி, அப்படியானால் பெட்டிகளின் வரிசையை மாற்றுங்கள்: கனமானது என்ஜினை ஒட்டி, லேசானது கடைசி முனையில். ஒவ்வொரு பெட்டியிலும் தரைக்குக் கீழே, நடுவாகப் பார்த்து, இரும்பு வாஷர்களை ஒட்டிப் பாரம் ஏற்றுங்கள். இடது வளைவிலிருந்து நேராக வலது வளைவுக்குள் நுழையும் இடம் இருந்தால் நடுவே ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்த்துண்டு வேண்டும், அது இல்லாமல் எத்தனை வாஷர் ஒட்டினாலும் பயன் இல்லை.

பாயிண்ட்டில் மட்டும் இறங்குகிறது

இங்கே முழங்காலிட்டு, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். பாயிண்ட்டின் நாக்கு, அதாவது பக்கத் தண்டவாளத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும் கூரான துண்டு, ஒட்டியிருக்கிறதா? மேலிருந்து பார்த்தால் ஒட்டிய மாதிரியே தெரியும். கீழிருந்து பார்த்தால் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சம் போதும், சக்கரத்தின் விளிம்பு அதற்குள் நுழைந்து நாக்கைப் பிளந்துகொண்டு போய்விடும். காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு சிப்ஸ் துணுக்கு, அல்லது நாக்குக்கு அடியில் எறும்பு கொண்டுவந்து குவித்த பொடி மண், மழைக்கு முந்தைய வாரங்களில் இது அடிக்கடி நடக்கும். ரப்பர் குமிழ் பம்பில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சி அடியுங்கள், பிறகு பல்குத்தும் குச்சியால் நோண்டுங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், அதில் மண் ஒட்டிச் சேறாகிவிடும். பென்சில் முனையைச் சுரண்டி எடுத்த கிராஃபைட் பொடி போதும், அதுவே வழுக்கும்.

பாயிண்ட்டைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு ஜல்லியை ஸ்லீப்பர் மட்டத்துக்குக் கீழேயே நிறுத்திக்கொள்வது நல்லது. அழகு கொஞ்சம் குறையும், நிம்மதி அதிகம்.

தூரம் போகப் போக வேகம் குறைகிறது, விளக்கு மங்குகிறது

மல்டிமீட்டரை எடுத்து, கரண்ட் கொடுக்கும் இடத்திலும் தொலைவான இடத்திலும் வோல்ட்டேஜ் பாருங்கள். ஆனால் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது, அல்லது தொலைவான இடத்தில் என்ஜினைக் கையால் பிடித்து மெதுவாகச் சக்கரம் சுழலவிட்டுப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் கெட்ட ஜாயிண்ட் வழியாகக்கூட முழு 18 வோல்ட்டும் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. இதைப் பார்த்துவிட்டு "கரண்ட் சரியாகத்தான் வருகிறது, மோட்டார்தான் போச்சு" என்று என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

8 மி.மீ.க்கு மேல் உயரம் உள்ள கனமான பித்தளைத் தண்டவாளம் கரண்ட்டைத் தடுப்பதே இல்லை என்று சொல்லலாம். தடுப்பதெல்லாம் ஜாயிண்ட்தான். ஜாயிண்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்து, ஒரே தண்டவாளத்தில், ரயில் ஓடும்போது அளந்துகொண்டே போங்கள். நல்ல ஜாயிண்ட்டில் ஏறத்தாழ சைபர் காட்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டும் ஜாயிண்ட்தான் குற்றவாளி. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து கரண்ட் கடத்தும் கிரீஸ் தடவி மூடலாம், இல்லை ஸ்க்ரூவால் இறுக்கும் கிளாம்ப் போடலாம், இல்லை இரண்டு பக்கமும் ஒரு சின்ன வயரைத் தொய்வு விட்டு சால்டர் செய்துவிடலாம். தொய்வு முக்கியம், மேலே சொன்ன நீட்டத்தை அது தாங்க வேண்டும். பாதை நீளமாக இருந்தால் வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. வயரை ஓரமாகக் கொண்டுபோய் இரண்டு மூன்று இடத்தில் கூடுதலாகக் கரண்ட் கொடுங்கள். வயரைக் கட்டாயம் குழாய்க்குள் விடுங்கள், பெருச்சாளியும் அணிலும் இங்கே எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் வீட்டுக்கு உள்ளேயே இருக்கட்டும், அது செருகியிருக்கும் லைனில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் பாதை போகிறது என்றால் இன்னொரு தொல்லை. அதன் காய் விழுந்து நசுங்கினால் உள்ளே இருக்கும் இனிப்புப் பிசின் தண்டவாளத்தில் அப்பிக்கொள்ளும். டபேபூயா பூக்கும் காலத்தில் ரோஸ் நிறப் பூக்கள் பாதையை மூடிக் கிடப்பது கண்ணுக்கு அழகு, ஆனால் ஈரத்தில் வழுவழுப்பாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை ஒரு நீளக் குச்சியில் கட்டித் தேய்த்துவிட்டு, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். முரட்டு உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறலில் அழுக்கு குடியேறும். இரும்பு நார் கூடவே கூடாது, அதன் துணுக்குகளை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இந்தச் சுத்தம் செய்கிற வேலையே வேண்டாம் என்பவர்கள் என்ஜினுக்குள் லித்தியம் பேட்டரியும் ரேடியோ கண்ட்ரோலும் வைத்துவிடலாம். மரங்கள் அடர்ந்த தோட்டத்துக்கு அதுவே நல்லது என்று சொல்வேன்.

ஏற்றத்தில் சக்கரம் சுற்றுகிறது, ரயில் நகரவில்லை

ஒரு மீட்டர் அலுமினியப் பட்டையைத் தண்டவாளத்தில் வைத்து, ரசமட்டம் சமமாகும் வரை தாழ்ந்த முனையில் அட்டை அட்டையாக அடுக்குங்கள். அடுக்கின் உயரம் 2 செ.மீ. என்றால் 100-க்கு 2 ஏற்றம், நிம்மதியாக ஓடும். 3 என்றால் பெட்டியைக் குறையுங்கள். 4-க்கு மேல், அதுவும் வளைவில் என்றால், தடத்தை மாற்றிப் போடுவதோ பல்சக்கரப் பாதை வாங்குவதோதான் வழி. முன்பு ஏறிக்கொண்டிருந்த ரயில் இப்போது ஏறவில்லை என்றால் மேடு போட்ட மண் நடுவில் எங்கோ அமுங்கியிருக்கிறது, அதற்கு அடுத்த துண்டு செங்குத்தாகிவிட்டது.

மழைக்குப் பிறகு ஜல்லி அடித்துப் போகிறது, பாதை சேற்றில் முங்குகிறது

நம்மூர் செம்மண்ணின் குணம் தெரிந்ததுதான், காய்ந்தால் கல், நனைந்தால் குழம்பு. ஜல்லிக்குள் அது கலந்துவிட்டால் தண்ணீர் வடியாது, ரயில் போகும் ஒவ்வொரு முறையும் ஸ்லீப்பர் சேற்றை மேலே பிதுக்கும். அந்த இடத்தில் மேலே புது ஜல்லி கொட்டுவது வீண். தோண்டி எடுத்து, அரை அடி ஆழத்துக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி போட்டு, மேலே கால் இஞ்ச் சிப்ஸ், அதற்கும் மேலேதான் கண்ணுக்குத் தெரியும் பொடி ஜல்லி. உருண்டைக் கூழாங்கல் வேண்டாம், அது ஒன்றோடொன்று கவ்வாது, உருண்டு ஓடிவிடும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஒரு மேஸ்திரியிடம் பாதைக்கு வாட்டம் பார்த்துச் சொல்லக் கேட்டபோது அவர் சொன்னது: "சார், மொதல்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு காட்டுங்க, அப்புறம் ரயில் எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்லுங்க." "நீங்களே பாத்துச் சொல்லுங்க மேஸ்திரி" என்றேன். இரண்டு பக்கெட் தண்ணீரை மூலையில் ஊற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தார். அவ்வளவுதான் சோதனை. தண்ணீர் நம் மேட்டில் முட்டி எங்கே தேங்குகிறதோ அங்கே அடியில் குழாய் வேண்டும்.

இந்தக் குழாயைத்தான் நான் ஒரு வாய்ப்பாகப் பார்க்கிறேன். 50 மி.மீ. பி.வி.சி. குழாய் நம் அளவில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், நிஜ ரயில் பாதையில் ஓடைக்குக் கட்டும் சின்னக் கல்வெர்ட் அளவு. குழாயின் வெள்ளை வாயைச் சுற்றி கிரானைட் சில்லுகளை வளைவாக அடுக்கி, சிமெண்ட் பாலைத் தடவி ஈரம் காய்வதற்குள் பழைய பல்துலக்கியால் கல்முகங்களைத் துடைத்துவிட்டால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மட்டும் பூச்சு நிற்கும். இரண்டு மழை போனால் வாயின் கீழ்ப்பக்கம் பாசி படியும், அதன் இரண்டு ஓரத்திலும் செம்மண் கோடு விழும். அந்த நிறத்தை எந்தப் பெயிண்ட்டாலும் கொண்டுவர முடியாது. குழாய் வாய்க்கு வலை மட்டும் போடாதீர்கள், ஒரே நாளில் இலை அடைத்துவிடும்.

மொட்டை மாடியில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்கள் போய்வரும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றுதான் வழக்கமாகக் கணக்கு வைப்பார்கள். அரை அடி ஈரமண் மட்டுமே அதைத் தாண்டிவிடும். அங்கே மண் மேடு வேண்டாம், இரும்புச் சட்டத்தின்மேல் பாதையும் தொட்டியில் செடியும் போதும், தண்ணீர் போகும் வாயை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.

கட்டடம் வெளுக்கிறது, வளைகிறது, கீழ்ப்பாதி சிவக்கிறது

மூன்றும் தனித்தனி நோய். வெளுப்பது வெயிலால், அதிலும் கடைப் பெயிண்ட்டின் பளிச்சென்ற சிவப்பும் ரோஸும்தான் முதலில் போகும். காவியும் மஞ்சள் காவியும் இரும்புத் துரு வகை நிறமிகள், வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது. நல்லவேளையாக, பழைய ஸ்டேஷன் கட்டடங்களுக்கு வேண்டியதும் அந்த நிறங்கள்தான். வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் பெயிண்ட்டில் காவிப்பொடி கலந்து அடித்து, மேலே பளபளப்பில்லாத யூ.வி. வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள்.

வளைவது பொருளால். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும், என்ன வார்னிஷ் அடித்தாலும் ஒரு மூலையில் தண்ணீர் புகும். வெறும் மரத்தைக் கரையான் விடாது. 5 மி.மீ. பி.வி.சி. ஃபோம் ஷீட் நல்லது, ஆனால் அதற்குக் கறுப்புக் கூரை அடித்து மதிய வெயிலில் வைத்தால் அதுவும் நெளியும். உள்ளே குறுக்குச் சட்டம் கொடுங்கள், அடிப்பக்கத்தைத் திறந்து வையுங்கள், சூடும் ஈரமும் வெளியேற வழி வேண்டும். சாதாரண வெள்ளைப் பசை மழையில் கரையும். பி.வி.சி.க்கு பி.வி.சி. சொல்யூஷன், கல்லுக்கும் உலோகத்துக்கும் இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி. இன்ஸ்டன்ட் பசை ஒட்டிப்பிடிக்க மட்டும், அதை நம்பி வெளியில் விட முடியாது.

கீழ்ப்பாதி சிவப்பது மழைத்துளி வெறும் மண்ணில் அடித்துத் தெறிப்பதால். கட்டடத்தைக் கழுவிக்கொண்டே இருப்பதைவிட, அடியில் 1 செ.மீ. கற்பலகை பீடம் வைத்து, சுற்றிலும் ஒரு ஜாணுக்கு மண் தெரியாமல் சிப்ஸ் பரப்புங்கள். நிஜ ஸ்டேஷனுக்கு முன்னால் இருக்கும் முற்றம் மாதிரியே அமைந்துவிடும். கூரை ஓரம் சுவரை விட்டு 2 செ.மீ.யாவது வெளியே நீட்டியிருந்தால் பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

எல்லாம் இருக்கிறது, ஆனால் பொம்மை வீடு மாதிரி தெரிகிறது

எந்தப் பொருளும் தனியாகக் கெட்டிருக்காது, மொத்தமாகப் பார்க்கும்போது மட்டும் எங்கோ இடிக்கும். பெரும்பாலும் அளவுதான் காரணம். ஒரு சராசரி ஆள் 7.5 செ.மீ., கதவு 9.5 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, படிக்கட்டு 7 மி.மீ., மங்களூர் ஓடு 18 மி.மீ. நீளம் 11 மி.மீ. அகலம். பொம்மைக் கார் வாங்கினால் 24-ல் ஒரு பங்கு என்று போட்டிருப்பதை வாங்கிச் சற்றுப் பின்னால் நிறுத்துங்கள். 18-ல் ஒரு பங்கு கார் ஸ்டேஷன் வாசலில் நின்றால் மொத்தக் காட்சியும் சுருங்கிவிடும்.

ஜல்லியும் அப்படியே. நம் ரயில்வே போடும் ஜல்லியில் பெரியது 65 மி.மீ. வரை இருக்கும், நம் அளவில் அது சுமார் 3 மி.மீ. அரை இஞ்ச் சிப்ஸை மேலே கொட்டினால் தண்டவாளத்துக்கு நடுவே பாறாங்கல் கிடப்பதாகத் தெரியும். எம்-சாண்டை 2 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலித்து மேலே நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள், நம்மூர் கிரானைட்டை உடைத்ததுதான், நிறமும் அப்படியே பொருந்தும். அடியில் பெரிய ஜல்லி பிடித்துக்கொண்டிருப்பதால் மேலே இது கொஞ்சம் கரைந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை தூவிக்கொள்ளலாம்.

அளவு சரியாக இருந்தும் மனசு ஒட்டவில்லை என்றால், அந்த ஊரை நினைவூட்டும் பொருள் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அயல்நாட்டு கிட் கட்டடத்தில் தமிழ்ப் பெயர்ப்பலகை மட்டும் மாட்டினால் ஒட்டாது. நந்தி ஹால்ட், தேவனஹள்ளி மாதிரி பழைய ஸ்டேஷன்களை நேரில் போய்ப் பாருங்கள், ஓட்டுக்கூரை எவ்வளவு தாழ இறங்குகிறது, தூண் எவ்வளவு தடிமன் என்று ஃபோட்டோ எடுத்து வாருங்கள். பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய பங்களாக்களின் ஜன்னல் மேலே கூர்முனையோடு நிற்கும் மரத் தடுப்பு, மங்கி டாப் என்பார்கள், அதை 1 மி.மீ. பி.வி.சி. பட்டைகளில் செய்து ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் வைத்தால் அது பெங்களூர் வீடு. ஓசூர் ரோட்டில் போகும்போது வயல் ஓரத்தில் நட்டிருக்கும் கல்தூண் வேலியை எல்லோரும் பார்த்திருப்போம். கல் அறுக்கும் இடத்தில் ஓரமாகக் கிடக்கும் கிரானைட் சீவல்களை எடுத்து 9 செ.மீ. நீளத்துக்கு உடைத்து, மூன்றில் ஒரு பங்கைப் புதைத்து, வரிசையாகக் கொஞ்சம் சாய்த்தும் கோணலாகவும் நட்டால் அதற்குச் செலவே இல்லை, மழையிலும் ஒன்றும் ஆகாது.

பெயர்ப்பலகையைச் சொல்லாமல் விட முடியாது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, மூன்று மொழி, கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம். ஊட்டி வைப்பதாக இருந்தால் தமிழ் முதலில் வர வேண்டும், கர்நாடக ஸ்டேஷன் என்றால் கன்னடம் முதலில். இரண்டு கான்கிரீட் கால்களுக்கு நடுவே பலகை நிற்கும், கால்களின் அடியில் மஞ்சள் கொஞ்சம் உதிர்ந்து சாம்பல் நிறம் தெரிவதாக வரைந்துவிட்டால் தூரத்திலிருந்தே அது நம்மூர் ஸ்டேஷன் என்று தெரிந்துவிடும்.

செடி காடாகிவிட்டது

இலையைப் பார்த்துச் செடி வாங்கியிருக்க வேண்டும், உயரத்தைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும். 10 மீட்டர் மரம் நம் அளவில் 45 செ.மீ.தான், அந்த உயரத்தில் பொடி இலைச் செடிகள் நிறையக் கிடைக்கும். டுவார்ஃப் ஜேட், செரிஸ்ஸா, கூஃபியா மூன்றும் பெங்களூர் காற்றுக்கு நன்றாக வரும், லால்பாக் பக்கம் சித்தாபுரத்து நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். நேராக மண்ணில் நடாமல் தொட்டியோடு புதையுங்கள், வேர் கட்டுப்படும், தண்டவாளத்துக்கு அடியில் போய்த் தூக்காது, ரிப்பேர் என்றால் அலாக்காகத் தூக்கி வைத்துவிடலாம். தேயிலைத் தோட்டம் வேண்டுமென்றால் ஆல்டர்நாந்தெராவின் பச்சை வகையை நெருக்கி நட்டு 5 செ.மீ. உயரத்தில் மேலே தட்டையாக வெட்டிக்கொண்டே வாருங்கள், ஆள் இடுப்புக்குச் சற்று மேல் உயரத்தில் நிற்கும் தேயிலைப் புதர் போலவே வரும். கொரியன் புல்லைப் பாதைக்கு ஒரு அடி தள்ளியே நிறுத்துங்கள், ஓடும் தண்டு ஜல்லிக்குள் நுழைந்தால் பிடுங்க முடியாது.

விளக்கு எரியவில்லை, மனிதர்களைக் காணவில்லை

எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தால் தொடக்கத்து ஜாயிண்ட்டைப் பாருங்கள், ஒரு மூலையில் மட்டும் அணைந்தால் அங்கே வயருக்குள் தண்ணீர் போயிருக்கும், உறையைச் சீவினால் செம்பு பச்சையாக இருக்கும். பச்சையான அந்த நீளம் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் போடுங்கள், அதன்மேல் சால்டர் ஒட்டாது. ஜாயிண்ட்டுக்கு உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கி இறுகுவது) பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். 12 வோல்ட் லைனில் ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுவது வழக்கம், பழைய ஸ்டேஷனுக்கு 2.2 கிலோ ஓம் போட்டு மஞ்சள் வெளிச்ச எல்.இ.டி. வைத்துப் பாருங்கள், எண்ணெய் விளக்கின் அளவுக்கு இறங்கிவிடும்.

மனிதர்களைக் காக்கையும் மைனாவும் கொத்திப் பார்த்துத் தூக்கிப் போடும். ஒரு காலில் 1.5 மி.மீ. துளை போட்டு எபாக்ஸியோடு பித்தளைக் கம்பி செருகி, பிளாட்ஃபாரத்தில் அதே அளவுக்கு இன்னொரு துளை போட்டு நிறுத்துங்கள், அங்கே பசை வேண்டாம், கழற்றி உள்ளே எடுத்து வைக்க வேண்டியிருக்கும். பிளாட்ஃபாரம் முழுக்க ஒருவர் ஒருவராகப் பரப்பினால் யாரும் கண்ணில் படமாட்டார்கள், டீக்கடை முன் நான்கு பேர், மூட்டைமேல் உட்கார்ந்த ஒருவர், பெயர்ப்பலகைக்குக் கீழே ஒரு குடும்பம் என்று சேர்த்து நிறுத்துங்கள். தண்டவாளத்தின் வெளி ஓரத்திலிருந்து அவர்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதை உங்கள் ஆக அகலமான பெட்டியை ஒருமுறை கையால் உருட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள், வளைவில் இருக்கும் பிளாட்ஃபாரம் என்றால் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் எவ்வளவு வருகின்றன என்று இரண்டையும் பார்த்துவிட்டுத் துளை போடுங்கள்.